ஏற்றிய விளக்கும் எட்டாத பிள்ளைகளும்

பாடசாலை செல்லும் பிள்ளையெல்லாம் வாசிக்கவும் எளிய கணக்குச் செய்யவும் அறியுமோ? உத்தரப் பிரதேசத்து ஜௌன்பூர் மாவட்டக் கிராமங்கள் சிலவற்றிலே, 2005-06 ஆம் ஆண்டுகளில், ‘பிரதம்’ என்னும் தொண்டு நிறுவனம் ஊராரைக் கொண்டே இதனைச் சோதித்தது. தம் மக்களின் அறிவைப் பெற்றோர் பலர் மிகுதியாகவே மதித்திருந்தனர். சின்னாட் பயிற்சி பெற்ற கிராமத்து இளைஞர், ஊதியம் பெறாது வாசிப்பு வகுப்புக்கள் நடத்தினர். எழுத்தே அறியாது அங்குச் சென்ற பிள்ளைகள், ஓராண்டினுள் எழுத்துக்களை இனங்காண்பதில், செல்லாதோரை வெகுவாக விஞ்சினர்.

ஆயினும், சென்றோர் நூற்றுக்கு 8 பிள்ளைகளே! முற்றத்தில் விளக்கெரிந்தும், இருளிலிருந்தோரை அழைத்து வருவார் சிலரே.

மாணவர்காள்! விடுமுறையில் அயல்வீட்டுச் சிறுவனுக்கு ஒரு பந்தியை வாசிக்கக் கொடுத்துப் பாருங்கள். தடுமாறினாற் கடியாது, நாள்தோறும் கைபிடித்து அழைத்து வாருங்கள்.