ஒருவரும் விடுபடக் கூடாது

ஏப்ரல் தொடக்கம் செப்டெம்பர் வரை பாசிக்குடாக் கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். கரையிலிருந்து நெடுந்தூரம் இடுப்பளவுத் தண்ணீரிலேயே நடக்கலாம். விடுமுறை நாட்களில் சோற்றுப் பொதிகளுடன் நாங்கள் அங்கு போவோம். ஓட்டமாவடி ராத்தாமாரும் வாழைச்சேனை, கல்குடா அக்காமாரும் ஒன்றாக நின்று படம் பிடிப்போம்.

ஒருமுறை, கல்குடா அக்கா ஒருவர் படம் பிடிக்க வராமல் ஒதுங்கியிருந்தா. கேட்டபோது, "2004 டிசம்பர் 26இல் வீட்டோட அல்பமும் போயிற்று. மகன்ட முகத்தப் பார்க்க ஒரு படமும் இல்ல" என்றா. 1990 இடப்பெயர்வில் அல்பத்தை விட்டுவந்த எனக்கு அந்த வலி புரிந்தது.

சகோதரிகளே, தொலைபேசியிலுள்ள படம் தொலைபேசியோடு போய்விடலாம். முக்கியமானவற்றைக் கடையில் கொடுத்து அச்செடுங்கள். பின்பக்கத்தில் பெயர், இடம், திகதி எழுதுங்கள். ஒரு பிரதியை வேறு ஊரிலுள்ள உறவினரிடம் கொடுத்து வையுங்கள். வெள்ளத்தில் நனைந்து ஒட்டிய படங்களை இழுத்துப் பிரிக்க வேண்டாம். சுத்தமான குளிர்ந்த நீரில் ஊறவிட்டு மெதுவாகப் பிரித்து, படம் மேலே இருக்கும்படி நிழலில் உலர்த்துங்கள்.

அன்று மாலை அந்த அக்காவே எங்களை வரிசையாக நிற்க வைத்தா. "ஒருத்தரும் விடுபடக் கூடாது" என்றா. பிறகு தானும் வந்து நடுவில் நின்றா.