ஒரே குருணை, இரண்டு விதப் பிளாஸ்டிக்

பாலிகார்பனேட்டில் மின்சாரம் பாயாது. அதில் எடைக்கணக்கில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு கார்பன் நானோகுழாயைச் சரியாகக் கலந்தால், மின்தடை பல கோடி மடங்கு சரிந்துவிடும். 1991-இல் ஜப்பானின் என்இசி ஆய்வகத்தில் சுமியோ இஜிமா விவரித்த இந்தக் குழாய்களின் தடிமன் பத்து நானோமீட்டர் அளவில்தான் இருக்கும். நீளமோ அதைப்போல நூறு மடங்குக்கும் மேல். அதனால் சொற்ப அளவே பிளாஸ்டிக்குக்குள் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை வலையாகப் பின்னிக்கொள்ளும். அந்த வலைதான் எலக்ட்ரான்களின் பாதை.

வலை உருவாவதும் குலைவதும் இயந்திரத்துக்குள். நானோகுழாய்த் தூள் சிக்குப்பிடித்த நூல்போலக் கட்டிகட்டியாக இருக்கும். இரட்டைத் திருகு எக்ஸ்ட்ரூடர் அதை உருகிய பிளாஸ்டிக்கோடு சேர்த்துப் பிசைகிறது; வெளிவரும் கலவை குருணையாக வெட்டப்படும். பிசைவு குறைந்தால் கட்டிகள் தங்கிவிடும். பொருள் அடிபடும்போது விரிசல் அங்கேதான் தொடங்கும். மிஞ்சினால் குழாய்கள் முறிந்து குட்டையாகும், வலை எட்டாது.

நன்றாகக் கலந்த குருணையைக்கூட அச்சு கெடுத்துவிடலாம். இஞ்செக்ஷன் மோல்டிங்கில் உருகிய பிளாஸ்டிக் அச்சுக்குள் அதிவேகமாகப் பாய்கிறது. அச்சின் சுவரை ஒட்டிய அடுக்கில் இழுவை மிக அதிகம். அங்கே குழாய்கள் பாயும் திசையில் வரிசையாகப் படுத்துவிடுகின்றன. குறுக்கே தொடுவதற்கு ஆளில்லை. அவை மறுபடி கலைந்து பின்னிக்கொள்வதற்குள் அந்தத் தோல் உறைந்தும்விடுகிறது. உள்ளே நன்றாகக் கடத்தும் பொருள், மேற்பரப்பில் கடத்தாமல் போவது இதனால்தான். நிலைமின்னூட்டம் தங்காமல் இருக்க வேண்டிய, மின்னணு சிப்களை வைக்கும் தட்டுகளுக்கு மேற்பரப்புதானே முக்கியம்!

பாய்ச்சும் வேகத்தைக் குறைத்து, உருகிய பிளாஸ்டிக்கின் வெப்பத்தையும் அச்சின் சூட்டையும் கூட்டினால் பெரும்பாலும் நிலைமை மேம்படும். பிளாஸ்டிக் இறுக்கம் விட்டு இளகத் தொடங்கும் கண்ணாடிநிலை மாற்ற வெப்பத்துக்கு மேலே, பாலிகார்பனேட்டுக்கு அது ஏறத்தாழ 150 டிகிரி செல்சியஸ், சற்று நேரம் வைத்தால் கலைந்த குழாய்கள் தாமாகவே நகர்ந்து வலையை மீட்பதும் உண்டு. எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான். ஆனால் அந்தச் சூட்டில் பொருளின் வடிவமே குலையும். தொழிற்சாலைக்கு அது எளிய வழியல்ல.

ஆய்வகங்களில் அளக்கும் மாதிரித் தகடுகள் பல, மெதுவாக அழுத்தி வார்க்கப்பட்டவை; அவற்றில் வலை அவ்வளவாகக் குலைவதில்லை. அதனால் விவரத்தாளில் உள்ள மின்தடை எண்ணை மட்டும் நம்பிப் பொருள் வாங்காதீர்கள். அளந்த தகடு எப்படி வார்க்கப்பட்டது என்று கேளுங்கள். உங்கள் அச்சிலிருந்து வெளிவந்த பொருளையே அளந்து பாருங்கள்.