முதலில் சுணக்கம், பிறகு சுறுசுறுப்பு!

சாணக்யபுரியில் 1977 பிப்ரவரி 1-ஆம் தேதி திறக்கப்பட்ட தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் பழைய நீராவி எஞ்சின்களைப் பலரும் பார்த்திருப்பீர்கள். குளிர்ந்த கொதிகலனில் நெருப்பு மூட்டி நீராவி சேர்க்கப் பல மணி நேரம் பிடிக்கும். சூடேறிய எஞ்சினைச் சற்று நிறுத்தி மறுபடி கிளப்ப அவ்வளவு நேரம் ஆகாது.

பாட்டுப் பதிவு செய்யும் கம்ப்யூட்டரும் இப்படித்தான். காலையில் பாட்டைத் திறந்தால் நிமிடக் கணக்கில் காக்க வைக்கும். மூடிவிட்டு மறுபடி திறந்தால் சட்டென்று வந்துவிடும். பழுது என்று பயந்து ரிப்பேருக்குக் கொடுத்தால் சம்பளத்தில் மிச்சம் பிடித்த பணம் வீண்.

இங்கே காரணம் சூடல்ல, ஞாபகம். வயலின், தபேலா முதலிய ஒலிகள் ஹார்ட் டிஸ்கில் ஆயிரக்கணக்கான துண்டுகளாகக் கிடக்கின்றன. டிஸ்க் நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 தடவை சுழன்றாலும், அவற்றைத் தேடிப் பொறுக்க நேரமாகிறது. ரிக்கார்டு ரூமிலிருந்து வந்த ஃபைல் மேஜைமேல் இருந்தால் குமாஸ்தா மறுபடி அங்கே போவாரா? அதுபோல, படித்ததைக் கம்ப்யூட்டர் 'ராம்' என்னும் நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது. மெஷினை அணைத்தால் மேஜை காலி!

புதிதாகச் சேர்த்த வாத்திய மென்பொருள்களையும் முதல்முறை ஒவ்வொன்றாகச் சோதித்துப் பட்டியல் எழுதிக்கொள்ளும். அடுத்த முறை பட்டியலே போதும்.

ஆகவே முதல் தாமதத்துக்கு அஞ்ச வேண்டாம். இரண்டாம் முறையும் அதே தாமதம் என்றால் ராம் போதுமா என்று பாருங்கள். முதல் தாமதமே குறைய வேண்டுமானால், சுழலும் டிஸ்குக்குப் பதில் எஸ்.எஸ்.டி. போடுவது நல்லது.