ஆங்கிலத்தில் தோற்றவர் ஆங்கில எழுத்தாளர் ஆனார்!

தாம்பரத்தை அடுத்துள்ளது செம்பாக்கம். அங்கே மாலை நேரத்தில் பல வீடுகளில் ஒரே காட்சியைக் காணலாம்.

பள்ளியில் தமிழில் படித்த பையன் கல்லூரியில் சேர்ந்திருக்கிறான். ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுத வேண்டும். எழுதுகிறான், அடிக்கிறான், தாளைக் கிழிக்கிறான். "எனக்கு இங்கிலீஷ் வராது" என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிடுகிறான்.

அவன் மட்டுமா? சீன நாட்டு மாணவனுக்கும் இதே கவலைதான்!

தவறு ஏன் வருகிறது?

சீன மொழியில் வினைச்சொல் காலத்துக்கு ஏற்றபடி உருமாறுவது இல்லை. "நேற்று நான் போ, நாளை நான் போ" என்பது போல அமையும். நேற்று, நாளை என்ற சொல்லே காலத்தைக் காட்டிவிடும். அந்தப் பழக்கத்தில், ஆங்கிலத்திலும் "எஸ்டர்டே ஐ கோ" என்று எழுதிவிடுகிறான் சீன மாணவன்.

இன்னொன்று. சீனப் பேச்சில் அவன், அவள் இரண்டுக்கும் "தா" என்ற ஒரே ஒலிதான். ஆகவே ஆங்கிலத்தில் "ஹி" எங்கே, "ஷி" எங்கே என்று குழம்புகிறான்.

தமிழில் போனேன், போகிறேன், போவேன் என்று உண்டு. அவன், அவள் என்றும் உண்டு. அந்தப் பள்ளங்களில் நாம் அதிகம் விழுவது இல்லை. நமக்கு வேறு பள்ளம்! "எனக்கு இரண்டு தம்பிகள் இருக்கிறார்கள்" என்பதை "ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்" என்று எழுதுகிறோம். "ஐ ஹேவ்" என்றாலே போதும்.

இருவரும் சேர்ந்து தடுமாறும் இடமும் உண்டு. "ஏ", "தி" என்ற சின்னஞ்சிறு சொற்கள்தான் அவை. அவற்றுக்குச் சரியான இணை தமிழிலும் இல்லை, சீனத்திலும் இல்லை.

ஆகவே தவறு வருவது மூளைக் குறைவால் அல்ல. தாய்மொழிப் பழக்கத்தால்!

இரண்டு புத்தகங்கள்

லின் யூடாங் 1895-ம் ஆண்டில் சீனாவின் புஜியான் மாகாணத்தில் பிறந்தார். தந்தை பாதிரியார். கிராமத்தில் வளர்ந்த அவர், ஷாங்காய் நகரக் கல்லூரியில் ஆங்கிலம் பயின்றார். பிற்காலத்தில் சீன மாணவர்களுக்கு ஆங்கிலப் பாடநூல்களே எழுதினார்!

இனி நம்மவர். ஆர்.கே.நாராயண் 1906-ம் ஆண்டில் சென்னையில் பிறந்தார். புரசைவாக்கத்தில் பாட்டி வீட்டில் வளர்ந்தார். தாய்மொழி தமிழ். பல்கலைக்கழக நுழைவுப் பரீட்சை எழுதினார். எந்தப் பாடத்தில் தோற்றார் தெரியுமா? ஆங்கிலத்தில்!

அவர் சோர்ந்து விடவில்லை. நிறையப் படித்தார். எழுதி எழுதிப் பழகினார்.

1935-ம் ஆண்டில் லின் யூடாங் ஆங்கிலத்தில் எழுதிய "என் நாடும் என் மக்களும்" அமெரிக்காவில் வெளிவந்து அமோகமாக விற்றது. அதே ஆண்டில் நாராயணின் முதல் நாவல் "சுவாமியும் நண்பர்களும்" லண்டனில் வெளிவந்தது.

அச்சுக்கூடச் சிறுவனின் வழி

எழுதிப் பழகுவது எப்படி? அமெரிக்க மேதை பெஞ்சமின் பிராங்க்ளின் ஒரு வழி கண்டார். அவருக்குத் தாய்மொழியே ஆங்கிலம். அப்படியும் பயிற்சி தேவைப்பட்டது!

சிறு வயதில் அவர் அச்சுக்கூடத்தில் தொழில் கற்றார். நல்ல கட்டுரை ஒன்றைப் படிப்பார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் சிறு குறிப்பு எழுதிக்கொள்வார். சில நாள் கழித்து, கட்டுரையைப் பார்க்காமல், குறிப்பை மட்டும் வைத்து அதைத் திரும்ப எழுதுவார். பிறகு மூலத்தோடு ஒப்பிட்டுத் தன் தவறுகளைத் தானே திருத்துவார்.

இதற்குச் செலவு ஒரு நோட்டுப் புத்தகம்தான். ஐந்து வரியில் தொடங்கினால் போதும். செய்த தவறுகளைக் கடைசிப் பக்கத்தில் குறித்து வைக்க வேண்டும். ஒரே தவறு திரும்பத் திரும்ப வருவது அப்போதுதான் கண்ணில் படும்.

அம்மாவும் உதவலாம்

அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாதா? கவலை இல்லை. "என்ன எழுதினாய்? தமிழில் சொல்" என்று கேட்கலாம். சொல்ல வந்த விஷயம் தெளிவானால், எழுத்தும் பாதி தெளிவாகும்.

"பெயில்" என்று மார்க் பட்டியல் சொல்லலாம். ஒரு பாடத்தில் ஒரு நாள் தோற்றதை மட்டுமே அது சொல்கிறது. மறுநாளும் நோட்டைத் திறந்து உட்காரும் பிள்ளையை வீட்டில் யாரும் ஏசாதிருந்தால், அதுவே பெரிய உதவி!