பச்சை காட்டும் வழி

சென்ற ஆண்டு அம்மா இங்கே அமெரிக்காவில் என்னுடன் தங்கியிருந்தபோது, கருப்பை உட்சுவரில் புற்றுநோய் என்று தெரிந்தது. கருப்பையை எடுப்பதில் குழப்பமில்லை. "இடுப்பிலுள்ள நிணநீர்க் கணுக்களையும் பார்க்க வேண்டும்" என்றார் மருத்துவர். கவலை அங்கேதான் தொடங்கியது.

புற்றுநோய் நிணநீர் வழியே பரவினால், முதலில் போய்ச் சேரும் கணுவைக் 'காவல் கணு' எனலாம். அது எது என்று தெரியாத காலத்தில் கணுக்களைக் கூட்டமாக எடுத்துவிடுவார்கள். நிணநீர் வடிய வழியின்றிச் சிலருக்குக் கால் வீங்கிவிடும், எளிதில் தீராது. தினமும் நடக்கப் போகும் அம்மாவுக்கு இது சின்ன விஷயமல்ல.

இங்கே கைகொடுப்பது இண்டோசயனின் கிரீன் என்ற சாயம். 1959-லிருந்தே மருத்துவத்தில் இருப்பது. கருப்பைப் புற்றுநோயில் நிணநீர்ப் பாதையைக் காண, 2018-ல் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. இதை அனுமதித்தது. மயக்கம் கொடுத்தபின் கருப்பை வாயில் ஊசியால் செலுத்துகிறார்கள். அது நிணநீரோடு காவல் கணுவுக்குப் போகிறது. சுமார் 800 நானோமீட்டர் ஒளி பட்டால் 830 அளவில் ஒளிர்கிறது. இந்த அகச்சிவப்பு நம் கண்ணுக்குத் தெரியாது. கேமராவின் சிலிக்கன் சென்சாருக்குத் தெரியும். டி.வி. ரிமோட்டை அழுத்தியபடி அதன் முனையைச் செல்பேசிக் கேமராவில் பாருங்கள், பல செல்பேசிகளில் புரிந்துவிடும்.

வயிற்றுக்குள் போகும் கேமரா சாதாரணப் படத்தையும் அகச்சிவப்புப் படத்தையும் பதிவு செய்ய, மென்பொருள் ஒன்றின்மேல் ஒன்றைப் பொருத்துகிறது. திரையில் தெரியும் பச்சை, மென்பொருள் பூசிய நிறம்! முதுகலையில் படச் செயலாக்கம் படித்தவன் என்பதால் எனக்கு இதில்தான் பயம். வரம்பைக் கொஞ்சம் ஏற்றினால் பச்சை மறையும். இறக்கினால் எங்கும் பச்சை.

"பச்சை தெரியாவிட்டால்?" என்று கேட்டேன்.

"அந்தப் பக்கத்துக் கணுக்களைப் பழைய முறையில் எடுப்போம். சந்தேகமாகத் தோன்றும் கணுவைப் பச்சை இல்லாவிட்டாலும் எடுப்போம். பச்சை வழியைத்தான் காட்டும். நோய் இருக்கிறதா என்பதை நுண்ணோக்கியில் பார்த்துத்தான் சொல்ல முடியும்" என்றார்.

பக்கத்துக்கு ஒன்றாக இரண்டே கணுக்களை எடுத்தார்கள். இரண்டிலும் நோயில்லை. அம்மா மறுபடி நடக்கப் போகிறார்.

உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி நேர்ந்தால், காவல் கணு முறை பொருந்துமா, பச்சை தெரியாவிட்டால் என்ன செய்வார்கள் என்று முன்பே கேளுங்கள். சாயத்தில் அயோடைடு உண்டு. அயோடின் ஒவ்வாமை இருந்தால் சொல்லிவிடுங்கள்.