நாள் தள்ளிப்போனால் கருதானா?

‘நாள் தள்ளிப்போயிருக்கு’ என்று ஒரு பெண் சொன்னால், பெரம்பலூரிலும் அரியலூரிலும் அதற்கு ஒரே பொருள்தான்: உண்டாகியிருக்கிறாள். கருத்தடை மாத்திரையை மாற்றுகிற பெண்ணை முதலில் கலங்கடிப்பது இந்தப் பொருள்தான். வழக்கமாக விழுங்க அரசு இலவசமாகத் தரும் கருத்தடை மாத்திரைகள் இரண்டு: மாலா-என், சாயா. மாலா-என் அட்டையில் 21 ஹார்மோன் மாத்திரையும் 7 இரும்புச்சத்து மாத்திரையும் இருக்கும். இரும்புச்சத்து மாத்திரை விழுங்கும் வாரத்தில் ஹார்மோன் நின்றுவிடுவதால் ரத்தம் படுகிறது. அது அட்டை குறித்த தேதி. லக்னோவிலுள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய சாயாவில் ஹார்மோனே இல்லை. முட்டை வெளிவருவதை அது நிறுத்துவதில்லை. கருப்பையின் உட்சுவரில் கரு ஒட்டவிடாமல் செய்கிறது. அதனால் மாலா-என்னை விட்டுச் சாயாவுக்கு வருபவளின் 28 நாள் கணக்கு குலைகிறது. முதல் சில மாதங்கள் விலக்கு தள்ளிப்போகலாம், போக்கும் குறையலாம். இதை மாத்திரையைக் கையில் கொடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும். சொல்லாததால்தான் பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள் என்பது என் உறுதியான எண்ணம்.

முன்பே சொன்னால் பயந்து வாங்கவே மாட்டார்கள் என்பார்கள். சீனாவில் கருத்தடை ஊசி போட்டுக்கொண்ட பெண்களிடம் நடந்து 1996-இல் வெளியான ஆய்வு இதற்கு நேர்மாறாகப் பேசுகிறது. ரத்தப்போக்கு எப்படி மாறும் என்று முன்னதாக விளக்கம் பெற்றவர்களில் ஓராண்டுக்குள் ஊசியை விட்டவர்கள் 11 விழுக்காடு, பெறாதவர்களில் 42. கிராம சுகாதார செவிலியருக்கு நூறு வேலை என்பது நியாயமான குறைதான். ஆனால் பயந்து விட்டவள் எதிர்பாராத கர்ப்பத்தோடு அதே துணை சுகாதார நிலையத்துக்குத்தானே திரும்பி வருவாள்! தமிழ்நாட்டில் மணமான பெண்களில் சுமார் 58 விழுக்காட்டினர் குடும்பக்கட்டுப்பாடு அறுவை செய்துகொண்டவர்கள். மாத்திரை சாப்பிடுவோர் ஒரு விழுக்காடுகூட இல்லை. தெருவில் கேட்டுத் தெரிந்துகொள்ள இன்னொருத்தி இல்லாத பெண்ணுக்குச் செவிலியரின் இரண்டு நிமிடப் பேச்சுதான் துணை.

உண்மையிலேயே கருவாக இருந்துவிட்டால் என்ற கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. விலக்கு 15 நாளுக்கு மேல் தள்ளினால் சிறுநீர்ப் பரிசோதனை செய்தே தீர வேண்டும். தவறு பெரும்பாலும் நேர்வது கிழமைக் கணக்கில்தான். விலக்கான முதல் நாள் ஞாயிறு என்றால், சாயாவை மூன்று மாதம் ஞாயிறும் புதனும் விழுங்க வேண்டும். நான்காம் மாதத்திலிருந்து ஞாயிறு மட்டும். சின்ன வெங்காய அறுவடை நேரத்தில் விடியுமுன் காட்டுக்குப் போகிறவளுக்குப் புதன்கிழமை மறந்துபோவது இயல்பு. ஏழு நாளுக்குள் நினைவு வந்தால் உடனே விழுங்கிவிட்டு, அடுத்த விலக்கு வரை ஆணுறையும் பயன்படுத்த வேண்டும். ஏழு நாள் கடந்துவிட்டால் வாரம் இரண்டு என்று மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆணுறை என்றதும் கணவனும் இந்தப் பேச்சுக்குள் வந்துவிடுகிறான். அவனையும் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்வதே சரி.