‘ஃபார்மட் செய்யவா?’ என்று கணினி கேட்கும்போது

தில்லிப் பல்கலைக்கழகத்தின் வடக்கு வளாகத்தை ஒட்டியுள்ள பட்டேல் செஸ்ட் பகுதியில் ஜெராக்ஸ் கடைகளும் பைண்டிங் கடைகளும் வரிசையாக நிற்கின்றன. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் காலத்தில் அங்கே கூட்டம் அலைமோதும். ஆண்டுக்கணக்கில் உழைத்து எழுதிய ஆய்வேடு, கட்டைவிரல் அளவுள்ள ஒரு பென் டிரைவில் அடங்கிக் கடைக்காரரின் கைக்குச் செல்கிறது. அவர் அதைக் கணினியில் செருகுகிறார். கோப்புகளுக்குப் பதிலாகத் திரையில் ஓர் அறிவிப்பு தோன்றுகிறது: ‘இந்த டிரைவைப் பயன்படுத்துவதற்கு முன் ஃபார்மட் செய்ய வேண்டும். செய்யவா?’

ஆய்வேட்டின் இடத்தில் திருமணப் படங்களையோ, வீட்டுக்கடனுக்காக ஸ்கேன் செய்து வைத்த பத்திரங்களையோ, ஓய்வூதிய ஆவணங்களையோ வைத்துப் பாருங்கள். நம்மில் பலருக்கும் இந்த அறிவிப்பு புதியதன்று. அந்த நேரத்துப் பதற்றத்தில் நாம் அழுத்தும் பொத்தானே, பென் டிரைவில் உள்ளவை திரும்பக் கிடைக்குமா, கிடைக்காதா என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்கிறது. சரியான விடை ‘கேன்சல்’. அதற்கான காரணத்தையும், அதன் பிறகு செய்ய வேண்டியவற்றையும் இக்கட்டுரையில் காண்போம்.

பேரேடும் அகரவரிசையும்

கணினிமயமாவதற்கு முன் வங்கிகளில் தடித்த பேரேடுகள் இருந்தன. எந்த வாடிக்கையாளரின் கணக்கு எந்தப் பக்கத்தில் உள்ளது என்பதை அறிய, தனியே ஓர் அகரவரிசைப் பட்டியல் உண்டு. அந்தப் பட்டியல் கிழிந்துபோனால் ஊழியரால் கணக்கைக் கண்டுபிடிக்க இயலாது. ஆனால் பேரேட்டின் பக்கங்கள் அப்படியே இருக்கும். கணக்கில் உள்ள பணமும் போய்விடுவதில்லை.

பென் டிரைவின் உள்ளமைப்பும் இத்தகையதே. ஒரு கோப்பு சிறுசிறு துண்டுகளாகப் பிரிக்கப்பட்டு எழுதப்படுகிறது. எந்தத் துண்டு எங்கே உள்ளது, அதற்கடுத்த துண்டு எது என்பதை ஓர் அட்டவணை குறித்து வைத்துக்கொள்கிறது. இந்த ஏற்பாட்டையே கோப்பு முறைமை என்கிறோம். மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தில் 1977இல் உருவான ‘ஃபேட்’ என்னும் முறைமையின் வழித்தோன்றல்களே இன்றும் பென் டிரைவ்களில் பெரிதும் பயன்படுகின்றன. 1996இல் வந்த ‘ஃபேட்32’, 2006இல் வந்த ‘எக்ஸ்ஃபேட்’ ஆகிய இரண்டும் இவ்வகையைச் சேர்ந்தவை.

எளிமையே இவற்றின் வலிமை. பெரும்பாலான கணினிகளும், பல தொலைக்காட்சிகளும், கார்களில் உள்ள பல இசைக்கருவிகளும் இவற்றைப் படித்துவிடும். அதுவே பலவீனமும் ஆகும். கணினியின் உள்வட்டில் பயன்படும் ‘என்டிஎஃப்எஸ்’ போன்ற முறைமைகள், செய்யப்போகும் மாற்றத்தை முதலில் ஒரு நாட்குறிப்பில் எழுதிவிட்டுப் பிறகே செயல்படுத்துகின்றன. இடையில் மின்சாரம் போனாலும் அக்குறிப்பைக் கொண்டு அட்டவணையைச் சரிசெய்துகொள்ளும். ஃபேட்32, எக்ஸ்ஃபேட் ஆகியவற்றுக்கு அந்த வசதி இல்லை. எழுதிக்கொண்டிருக்கும்போதே பென் டிரைவை உருவினால் அட்டவணை பாதி எழுதிய நிலையில் நின்றுவிடும். அட்டவணையைப் படிக்க இயலாத கணினி, டிரைவில் ஒன்றுமே இல்லை என்று கருதி ஃபார்மட் செய்ய அனுமதி கேட்கிறது.

முதற்கடமை: எதையும் எழுதாதிருத்தல்

பக்கங்கள் அப்படியே இருக்கும் வரை மீட்பதற்கு வழி உண்டு. புதிதாக எதையேனும் எழுதினால் அது பழைய பக்கங்களின்மேல் எழுதப்படக்கூடும். ஆகவே பழுதுபட்ட டிரைவில் புதிய கோப்பைச் சேமிக்கக் கூடாது. மீட்பு மென்பொருளையும் அதிலேயே நிறுவக் கூடாது.

தவறுதலாக ஃபார்மட் செய்துவிட்டவர்களும் உடனே நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. ‘குயிக் ஃபார்மட்’ என்னும் விரைவு முறை அட்டவணையை மட்டுமே புதிதாக அமைக்கிறது. பழைய தகவல்கள் பெரும்பாலும் எஞ்சியிருக்கும். ஆனால் விண்டோஸ் விஸ்டா காலம் முதல், முழு ஃபார்மட் முறை டிரைவ் முழுவதையும் பூஜ்யங்களால் நிரப்பிவிடுகிறது. அதன் பிறகு மீட்பதற்கு ஒன்றும் இராது.

நோயறிதல்

அடுத்ததாக, பழுது எங்கே இருக்கிறது என்று அறிய வேண்டும். பென் டிரைவைக் கழற்றி வேறொரு யுஎஸ்பி துளையிலும், பிறகு வேறொரு கணினியிலும் செருகிப் பாருங்கள். மேசைக் கணினியாயின் பின்பக்கத் துளையைப் பயன்படுத்துவது நன்று. குறை டிரைவில் இல்லாமல் துளையில் இருப்பதும் உண்டு.

அப்போதும் திறக்கவில்லையெனில், விண்டோஸில் ‘ஸ்டார்ட்’ பொத்தானின்மேல் மவுஸின் வலப்பொத்தானை அழுத்தி ‘டிஸ்க் மேனேஜ்மென்ட்’ பகுதிக்குச் செல்லுங்கள். அங்கே எதையும் மாற்றாமல் பார்த்தாலே போதும். நான்கில் ஒரு நிலை தென்படும்.

முதலாவது, கொள்ளளவும் கோப்பு முறைமையும் சரியாக இருந்து, டிரைவுக்கு உரிய ஆங்கில எழுத்து மட்டும் இல்லாதிருத்தல். ஓர் எழுத்தை ஒதுக்கினால் கோப்புகள் தெரியும். இரண்டாவது, கொள்ளளவு சரியாக இருந்து, முறைமையின் பெயருக்குப் பதில் ‘ரா’ என்று காட்டுதல். அட்டவணை சிதைந்துள்ளது என்பது இதன் பொருள். மென்பொருளால் மீட்க நல்ல வாய்ப்பு உண்டு. மூன்றாவது, கொள்ளளவே காட்டாமல் ‘நோ மீடியா’ என்று குறிப்பிடுதல். உள்ளிருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லுக்கும் நினைவகச் சில்லுக்கும் இடையே தொடர்பு அறுந்துள்ளது. வீட்டில் செய்யக்கூடியது எதுவும் இல்லை. நான்காவது, டிரைவ் பட்டியலிலேயே இல்லாதிருத்தல். இதுவும் பெரும்பாலும் மின்பழுதே.

சில வேளைகளில் டிரைவைப் படிக்க முடியும், ஆனால் எழுத முடியாது. நினைவகச் சில்லுகளில் குறிப்பிட்ட எண்ணிக்கையில்தான் எழுதி அழிக்க இயலும். தேய்ந்துபோன நிலையில் சில டிரைவ்கள் தம்மைத் தாமே பூட்டிக்கொண்டு, படிப்பதற்கு மட்டும் இடமளிக்கின்றன. அதனை இறுதி எச்சரிக்கையாகக் கொண்டு, அன்றே அனைத்தையும் வேறிடத்துக்கு மாற்றிவிட வேண்டும்.

முதலில் மீட்பு, பிறகு பழுதுநீக்கம்

இவ்விரண்டின் வரிசையை மாற்றுவதே பலரும் செய்யும் பிழை. டிரைவின் ‘பிராப்பர்டீஸ்’ பகுதியில் ‘டூல்ஸ்’ என்பதன்கீழ் ‘செக்’ என்னும் பொத்தான் உள்ளது. ‘செக்டிஸ்க்’ என்று அழைக்கப்படும் பழுதுநீக்கும் கருவியை அது இயக்குகிறது. பயனுள்ள கருவிதான், ஆனால் அதன் நோக்கம் அட்டவணையை ஒழுங்குபடுத்துவதே அன்றி, உங்கள் கோப்புகளைக் காப்பது அன்று. உரிமையாளர் தெரியாத துண்டுகளை அது ‘ஃபவுண்ட்’ என்னும் கோப்புறையில் பெயரற்ற கோப்புகளாகக் குவித்துவிடும். முன்பு முழுமையாக மீட்டிருக்கக்கூடிய ஒரு கோப்பு, பழுதுநீக்கத்துக்குப் பின் துண்டாகிப்போவதும் உண்டு.

எனவே, கோப்புகள் தெரிந்தால் முதலில் அவற்றைக் கணினிக்குப் படியெடுங்கள். மீண்டும் கிடைக்காதவற்றை முதலிலும், இணையத்தில் திரும்பப் பெறக்கூடியவற்றைக் கடைசியிலும் எடுங்கள். கோப்புகள் தெரியாமல் ‘ரா’ என்று காட்டினால் மீட்பு மென்பொருள் தேவைப்படும். ‘டெஸ்ட்டிஸ்க்’, ‘போட்டோரெக்’ ஆகிய இரண்டும் இலவசமாகக் கிடைப்பவை. மைக்ரோசாஃப்ட் 2020இல் வெளியிட்ட ‘விண்டோஸ் ஃபைல் ரெக்கவரி’யும் கட்டணமற்றது. இவற்றை அந்தந்த உருவாக்குநரின் அதிகாரபூர்வ இணையதளத்திலிருந்தோ, மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்தோ மட்டுமே பெறுங்கள்.

டெஸ்ட்டிஸ்க் அட்டவணையைச் சீரமைக்க முயல்கிறது. ஃபேட்32 முறைமை தன் தொடக்கப் பகுதிக்கு ஒரு மாற்றுப் படியும், அட்டவணைக்கு வழக்கமாக இரண்டு படிகளும் வைத்திருக்கும். ஒன்று கெட்டாலும் மற்றொன்று உதவுகிறது. போட்டோரெக் அட்டவணையையே பார்ப்பதில்லை. ஒவ்வொரு வகைக் கோப்பும் தனக்குரிய அடையாளக் குறியுடன் தொடங்குகிறது. படக்கோப்புக்கு ஒன்று, பிடிஎஃப் கோப்புக்கு வேறொன்று. டிரைவ் முழுவதையும் வரிசையாகப் படித்து, அக்குறி வரும் இடங்களிலிருந்து கோப்புகளை இம்மென்பொருள் எடுத்துத் தருகிறது. பழைய பெயர்களும் கோப்புறைகளும் போய்விடும். சிதறிக் கிடந்த கோப்புகள் முழுமையாக வராமலும் போகலாம். ஆயினும் ஆயிரம் படங்களைப் பெயரின்றிப் பெறுவது, ஒன்றும் பெறாதிருப்பதைவிட மேலன்றோ? எந்த மென்பொருளாயினும், மீட்கப்படும் கோப்புகளைக் கணினியிலோ வேறொரு வட்டிலோதான் சேமிக்க வேண்டும்.

வேண்டியவை கைக்கு வந்து, திறந்து பார்த்து உறுதிசெய்த பிறகே பழுதுநீக்குவதும் ஃபார்மட் செய்வதும். ஒருமுறை பழுதுபட்ட டிரைவை, முக்கிய ஆவணங்களுக்கு மீண்டும் நம்ப வேண்டாம்.

கோப்புகள் மறைந்திருக்கும்போது

பல கணினிகளில் மாறிமாறிச் செருகப்படும் டிரைவ்களில் மற்றொரு தொல்லை உண்டு. கோப்புறைகள் அனைத்தும் சிறு அம்புக்குறியுடன் கூடிய ‘ஷார்ட்கட்’களாக மாறியிருக்கும். இது அட்டவணைப் பழுது அன்று, நச்சுநிரலின் வேலை. உண்மையான கோப்புகளை மறைத்துவிட்டு, அதே பெயரில் போலிகளை அது வைத்துள்ளது. போலியைச் சொடுக்கினால் நச்சுநிரல் உங்கள் கணினிக்குள் புகுந்துவிடும்.

ஆகவே எதையும் சொடுக்காமல், முதலில் வைரஸ் தடுப்பு மென்பொருளால் டிரைவை முழுமையாகச் சோதியுங்கள். பின்னர் ‘வியூ’ பகுதியில் மறைந்துள்ள கோப்புகளைக் காட்டும்படி அமைத்தால் அசல் கோப்புகள் தெரியும். அப்போதும் தெரியாவிடில், கணினியின் பாதுகாக்கப்பட்ட கோப்புகளை மறைக்கும் தேர்வையும் தற்காலிகமாக நீக்குங்கள். மத்திய அரசின் ‘செர்ட்-இன்’ அமைப்பு 2017 பிப்ரவரியில் தில்லியில் தொடங்கிய ‘சைபர் ஸ்வச்சதா கேந்திரா’வின் இணையதளத்தில் இலவசப் பாதுகாப்புக் கருவிகள் கிடைக்கின்றன. யுஎஸ்பி சாதனங்களைக் கட்டுப்படுத்துவதற்கெனச் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய ‘யுஎஸ்பி பிரதிரோத்’ அவற்றுள் ஒன்று.

நேரு பிளேசுக்குச் செல்லும் முன்

சில்லு பழுதடைந்த நிலையில் வல்லுநரின் உதவி தேவை. தெற்குத் தில்லியின் நேரு பிளேஸ், கணினி உதிரிபாகங்களுக்கும் பழுதுநீக்கத்துக்கும் நாடறிந்த சந்தை. தகவல் மீட்பு நிலையங்களும் அங்கே உள்ளன. செல்லும் முன் மூன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்: பரிசோதனைக்குக் கட்டணம் உண்டா, மீட்க இயலாவிடில் எவ்வளவு தர வேண்டும், மீட்ட கோப்புகளின் படியை அவர்கள் எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள். விடைகளை ரசீதில் எழுதிப் பெறுவது நல்லது.

மூன்றாவது கேள்வி மிக முக்கியமானது. மீட்பவர் உங்கள் கோப்புகள் அனைத்தையும் பார்க்கக்கூடியவர். டிரைவில் வங்கிக் கடவுச்சொற்கள் எழுதப்பட்டிருந்தால், அதை ஒப்படைக்கும் முன்பே அவற்றை மாற்றிவிடுங்கள். ஐயத்திற்குரிய பரிவர்த்தனை ஏதேனும் நிகழ்ந்தால் உடனே வங்கிக்குத் தெரிவித்து, 1930 என்னும் தேசிய இணையக் குற்ற உதவி எண்ணையும் அழையுங்கள்.

இனி வராமலிருக்க

கோப்பை மாற்றியதும் ‘இஜெக்ட்’ கொடுத்து, அனுமதி வந்த பிறகே டிரைவை எடுங்கள். 2018இன் இறுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பு முதல், விரைவில் கழற்றுவதற்கு ஏற்ற அமைப்பே இயல்பாக உள்ளது. ஆயினும் எழுதும் வேலை நடந்துகொண்டிருந்தால் அந்த அமைப்பும் காப்பாற்றாது. பென் டிரைவை ரசீது தரும் நம்பகமான கடையில் வாங்குங்கள். மிக மலிவான சிலவற்றில், அச்சிட்டிருக்கும் கொள்ளளவு உள்ளே இருப்பதில்லை. உண்மை அளவைத் தாண்டியதும் கோப்புகள் சத்தமின்றிக் கெட்டுப்போகும்.

பென் டிரைவ், கோப்புகளை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டுசெல்லும் பை. பாதுகாப்புப் பெட்டகம் அன்று. முக்கியமானவற்றுக்கு மூன்று படிகள், இரண்டு வகைச் சாதனங்களில், அவற்றுள் ஒன்று வீட்டுக்கு வெளியே என்பது நல்ல நெறி. கணக்கு அறிக்கைகளை இணைய வங்கிச் சேவையில் மீண்டும் பதிவிறக்கம் செய்துகொள்ளலாம். 2015இல் தொடங்கப்பட்ட டிஜிலாக்கரில் அரசுத்துறைகள் நேரடியாக வழங்கும் ஆவணங்கள், அசலுக்கு இணையாகச் சட்டப்படி ஏற்கப்படுகின்றன. இவற்றுக்குப் பென் டிரைவை நம்பியிருக்கத் தேவையில்லை. ஜெராக்ஸ் கடைக்குச் செல்லும்போது, அச்சிட வேண்டிய கோப்பை மட்டும் தனி டிரைவில் எடுத்துச் செல்லுங்கள். இடம் அனுமதித்தால் ஆதாரின் கடைசி 4 இலக்கங்களை மட்டும் காட்டும் ‘மாஸ்க்டு ஆதார்’ படியைப் பயன்படுத்துங்கள்.

பட்டேல் செஸ்ட் கடையில் நிற்கும் ஆய்வு மாணவரின் மடிக்கணினியில் ஆய்வேட்டின் மற்றொரு படி இருந்தால், அந்த அறிவிப்பு அவருக்கு அரைமணி நேரத் தாமதம் மட்டுமே. இல்லையென்றாலும், ‘கேன்சல்’ அழுத்தி டிரைவைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீடு திரும்பினால், அவருடைய உழைப்பு மீண்டு வருவதற்கு இன்னும் வழியிருக்கிறது. இக்கட்டுரையைப் படித்து முடித்ததும், உங்கள் மேசை இழுப்பறையில் உள்ள பழைய பென் டிரைவை எடுத்துப் பாருங்கள். வேறெங்கும் இல்லாத கோப்பு ஒன்று அதில் இருக்குமானால், அதற்கு இன்றே ஒரு படி எடுத்துவிடுங்கள்.